வாஷிங் மெஷினுக்கு முட்டுக்கொடுத்த முன்பாதி

என் அக்காவின் கணவர் எந்த மெஷினைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். வேறொருவராக இருந்தால் கமுக்கமாகப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அத்தான் அவற்றை உள்ளங்கையில் வைத்து மெஷினுக்குச் சொந்தக்காரரிடமே காட்டுவார்.

"பாத்தீங்களா, இதெல்லாம் இல்லாமயே ஓடுது. கம்பெனிக்காரன் பயந்து பயந்து பத்து எடத்துல பூட்டி வெச்சிருக்கான்."

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மின்விசிறி என்று வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. அறையில் பாதி இடத்தை வயிறு திறந்த மெஷின்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதி இடத்தில் மடக்கு நாற்காலிகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் சபையார் வந்து அதில் உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். ஜெபக்கூட்டத்துக்கும் அத்தான்தான் தலைவர். ஜன்னலோரம் ஒரு பெரிய ஜாம் பாட்டில் நிறைய மிஞ்சிய ஸ்க்ரூக்கள் இருக்கும். அவர் கைபட்ட மெஷின்கள் நன்றாகத்தான் ஓடின, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடும்போது கொஞ்சம் நடக்கவும் செய்தன, அவ்வளவுதான்.

என் தம்பிதான் அவருக்கு 'ஸ்க்ரூ அத்தான்' என்று பேர் வைத்தான். "மெஷின்ல கழட்டினது பாட்டில்ல இருக்கு. தலையில கழண்டது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வான். அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். "மச்சான், உனக்கு வாய் நீளம்" என்பார். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அக்கா. கல்யாணத்துக்குச் சீதனம் போல அவனையும் கூட்டிக்கொண்டுதான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். அத்தானுக்கு அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. என்னை நான் தனியாகச் சமாளித்துக்கொண்டேன். ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதுதான் என் வேலை. திறக்க மறுக்கிற வாய் ஒன்று எங்கள் வீட்டிலேயே வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

முதலில் வேதப்புத்தகத்தை அறுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தானின் வேதப்புத்தகம் பெரிய எழுத்தில் அச்சானது. செங்கல் கனம். அவர் வேலைக்குக் கொண்டுபோகும் தோள்பையில் ஸ்பேனர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப் எல்லாம் போக அதற்கு இடம் இல்லை. ஒருநாள் உட்கார்ந்து யோசித்தார். இந்தப் புத்தகத்தில் நமக்கு வேண்டியது எது? இயேசு வருகிற பகுதி. அது எங்கே இருக்கிறது? பின்னால். அப்படியானால் முன்னால் இருப்பது என்ன?

"பேர் பேரா வருது. அவன் இவனைப் பெத்தான், இவன் அவனைப் பெத்தான். அப்புறம் ஆடு, மாடு, சண்டை. கூடாரத்துக்கு எத்தனை முழம் துணின்னு ஒரு கணக்கு வேற. நான் என்ன டெய்லரா?" என்று என்னிடம் கேட்டார்.

முடிவெடுத்ததும் புத்தகத்தை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடால் முதுகை அறுத்தார். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குகிற இடத்தில், கோடு போட்டதுபோலச் சுத்தமாக. பின்பாதிக்கு ரெக்ஸின் உறை தைத்துத் தோள்பையில் வைத்துக்கொண்டார். அதுவோ சின்னதாக, வாகாக இருந்தது.

முன்பாதி மிஞ்சியது. ஜாம் பாட்டிலில் போட முடியாது. வீட்டு வாஷிங் மெஷினோ துணி பிழியும்போதெல்லாம் சுவரை விட்டுப் புறப்பட்டு, விருந்தாளி மாதிரி வாசலைத் தேடிக்கொண்டிருந்தது. அத்தான் முன்பாதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேப் ஒட்டி, மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார். உறையும் டேப்பும் மரியாதைக்காம்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, வேத வசனத்தையா மெஷினுக்கு முட்டுக் குடுக்கறீங்க?"

"தாங்கும்" என்றார் அத்தான்.

பாஸ்டர் காதுக்கு விஷயம் போய், அவர் வந்து கண்டித்தார். அத்தான் பணிவாகக் கைகட்டிக்கொண்டு, "ஐயா, நீங்களும் பிரசங்கத்துல அந்தப் பக்கம் அவ்வளவா போறதில்லையே" என்றார். பாஸ்டர் குடித்துக்கொண்டிருந்த காபியை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். தம்பி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மெஷின் நடக்காமல் நின்றது. வருடங்கள் ஓடின, முன்பாதியை எல்லோரும் மறந்தோம்.

பிறகு தம்பி செத்துப்போனான். சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் திரும்பி வரவில்லை. கடைகளுக்கு ஃப்ரிட்ஜும் மெஷினும் ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தனியாளாக ஒரு ஃப்ரிட்ஜை முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். அவனை நான்கு பேர் தூக்கினார்கள். இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

அத்தான் அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே யாருடைய ஃப்ரிட்ஜையோ திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா கண் கலங்கும்போதெல்லாம் தோள்பையிலிருந்து பின்பாதியை எடுப்பார், ஒரு வசனத்தை வாசிப்பார். எப்போதும் சந்தோஷமாயிரு, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லு, எல்லாம் நன்மைக்கே. எல்லாம் உண்மையான வசனங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பல்லைப் பிடுங்கின மறுநிமிஷமே சிரிக்கச் சொன்னால் யாரால் சிரிக்க முடியும்?

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வது அவள் பொறுப்பு. தட்டை வைப்பாள், உட்காருவாள், சும்மா இருப்பாள். அத்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே ஜெபம் சொல்வார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காபி கொடுப்பாள், பாட்டு ஆரம்பித்ததும் சமையலறைக்குப் போய்விடுவாள். அத்தானிடம் சாப்பாடு ஆயிற்று, தண்ணீர் வரவில்லை, இவ்வளவுதான் பேச்சு. மாதங்கள் இப்படியே போயின.

தம்பி போய் ஒரு வருஷம் முடியப்போகும் சமயத்தில் அத்தான் ஒரு காரியம் செய்தார். தம்பி நினைவாக வீட்டில் ஒரு 'நன்றிக் கூட்டம்' வைக்கப்போவதாக அக்காவைக் கேட்காமலே சபையில் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தாள். "அந்த வாரம் நான் உன் வீட்டுக்கு வந்துடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. எதுக்கு நன்றி சொல்றதாம்? அவனை எடுத்துக்கிட்டதுக்கா? இந்த மனுஷனோடயும் என்னால முடியல, இவர் கும்பிடற கடவுளோடயும் முடியல."

எனக்குத் திக்கென்றது. என் அக்கா சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. சொன்னால் பெட்டியோடு வந்து நிற்பாள். அப்படி வந்தால் திரும்பிப் போவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். பின்கட்டில் துணி காயப்போடும் கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அதில் சட்டை, துண்டு எதுவும் இல்லை. கொடி முழுக்கப் புத்தகத் தாள்கள், க்ளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா கீழே முக்காலியில் உட்கார்ந்து, ஊறி உப்பிப்போன ஒரு புத்தகத்தின் பக்கங்களை வெண்ணெய் தடவும் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் குழாய் விட்டுப்போச்சு. தண்ணி பூரா அடியில. துடைக்கலாம்னு இழுத்தா இது வந்துச்சு" என்றாள்.

மரியாதைக்கு ஒட்டிய டேப் தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

"தூக்கிப் போட மனசு வரல. ஒவ்வொரு பக்கமா பிரிச்சாதான் காயும். பிரிக்கறப்ப கண்ணு சும்மா இருக்குமா?" என்றவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் முகத்தில் பழைய சுறுசுறுப்பு எட்டிப்பார்த்தது. "இங்க ஒருத்தர் இருக்கார்டி. பிள்ளைங்க எல்லாரும் ஒரே நாள்ல செத்துப்போறாங்க. சாம்பல்ல உட்காந்துக்கிட்டு கடவுளையே கேள்வி கேக்கறார். சும்மா இல்ல, வாங்க ஐயா, வந்து எனக்குப் பதில் சொல்லுங்கன்னு. ஆறுதல் சொல்றேன்னு கூட்டாளிங்க வராங்க. எல்லாம் நன்மைக்கே, நீ ஏதாவது தப்புப் பண்ணிருப்ப, வாயை மூடுன்னு பக்கம் பக்கமா பேசறாங்க."

"கடைசில அந்த மனுஷனுக்குக் கடவுள் தண்டனை குடுத்தாரா?"

"எங்க? உலகத்தை நீயா உண்டாக்கினன்னு நல்லா டோஸ் விட்டார். ஆனா அவர் கோவப்பட்டது கேள்வி கேட்டவர் மேல இல்ல." அக்கா கத்தியை முன்னறைப் பக்கம் நீட்டினாள். "ஆறுதல் சொல்ல வந்தாங்க பாரு, அவங்க மேல."

முன்னறையில் அத்தான் ஸ்பேனரால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பாவம், தன்னைப் போன்ற ஆட்கள் வேதத்தில் வருகிற விஷயமே அவருக்குத் தெரியாது.

நான் உள்ளே போய்க் காபி போட்டேன். பால் பொங்கும் நேரத்தில் பின்கட்டிலிருந்து அக்காவின் சத்தம். சாதாரணச் சத்தம் இல்லை, தெருச்சண்டைச் சத்தம்.

"எத்தனை நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க? கேக்குதா இல்லையா? கல்யாணம்கூட ஆகாத பையன்! உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அத்தான் கையில் ஸ்பேனரோடு ஓடினார். மதில்மேல் எட்டிப் பார்த்தார், கொடிக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"யார்கிட்ட சண்டை போடற?"

"கடவுள்கிட்ட."

"என்னது?"

"நீங்க போங்க. இது எங்களுக்குள்ள."

அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. ஸ்பேனரை ஓங்கி வந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையால் துடைத்தார். "இப்படியெல்லாம் பேசலாமா? இது விசுவாசம் இல்லாத பேச்சு. ஆண்டவர் மேல பயம் வேணாமா?"

"நான் ஒண்ணும் சொந்தமாப் பேசல. இதுல எழுதியிருக்கற மாதிரி பேசிப்பாத்தேன்." அக்கா கொடியிலிருந்து ஒரு தாளை உருவி அவர் கையில் கொடுத்தாள். "சங்கீதப் பக்கம். படிங்க. சத்தமா."

அத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை வாசித்தார். என் கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டுவிட்டீர் என்று கேட்கிற வரி. அதற்கு மேல் வாசிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு? இது என் பாதில இருக்கறது. சிலுவையில தொங்கறப்ப இயேசு சொன்னது. நீ என் பையிலேர்ந்து கிழிச்சியா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "போய்ப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தார். மனைவி திருடியாகிவிட்டாளா என்று தோள்பையைக் கவிழ்த்துப் பார்த்த ஒரே ஜெபக்கூட்டத் தலைவர் இவராகத்தான் இருப்பார். பின்பாதி முழுசாக இருந்தது. அந்தப் பக்கமும் அதிலேயே இருந்தது. ஒரு கையில் பின்பாதி, மறு கையில் ஈரத்தாள் என்று திரும்பி வந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மெஷின் படத்தையும் உள்ளே இருக்கும் ஒயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை.

"ரெண்டுலயும் இருக்கு" என்றார்.

"முதல்ல இதுல இருந்துச்சு" என்றாள் அக்கா. "அவங்க ஜனங்க தலைமுறை தலைமுறையா பாடற பாட்டு. இயேசுவும் சின்ன வயசுலேர்ந்து பாடியிருப்பார். வலி தாங்கலன்னதும் அதுதான் வாய்ல வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர் படிச்ச வேதம் எதுன்னு நெனச்சீங்க? உங்க பாதி அப்ப எழுதவே இல்லையே. நீங்க அறுத்து மெஷினுக்கு அடியில வெச்சீங்களே, அதுதான் அவர் கையில இருந்துச்சு."

நான் அத்தான் ஏதாவது வாதம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். பாஸ்டரையே காபியோடு எழுப்பி அனுப்பியவர் ஆயிற்றே. அவர் தரையில், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதை அவர் மட்டும்தான் கேக்கலாம்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"எதை?"

"ஏன் விட்டுட்டீங்கன்னு. அவர் பெரியவர், அவர் கேக்கலாம், நமக்கு ஏதுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில மச்சான் மூஞ்சிய மூடறப்ப எனக்கும் அதே கேள்விதான் வந்துச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. தப்புன்னு முழுங்கிட்டேன்." தாளைத் தடவினார். "எல்லாரும் பாடற பாட்டுன்னா நானும் கேக்கலாம்ல?"

அக்கா முக்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அத்தான் அழுதார். ஒரு வருஷத்து அழுகை, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கெல்லாம் ஒழுக அழுதார். "எனக்கு ஸ்க்ரூ அத்தான்னு கூப்பிட ஆள் இல்லடி" என்று அக்காவின் தோளில் முட்டிக்கொண்டார். நானும் அழுதேன். காபி ஆறிப்போனது.

அந்த வாரம் முழுக்க அத்தான் வெளிவேலைக்குப் போகவில்லை. வீட்டு மெஷினை மல்லாத்திப்போட்டு, ஜாம் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டி, எந்த ஸ்க்ரூ எந்தத் துளைக்கு என்று தேடித் தேடிப் பூட்டினார். முட்டு இல்லாமலே மெஷின் நின்ற இடத்தில் நின்று பிழிந்தது. "கம்பெனிக்காரன் சும்மா போடல போலிருக்கு" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்க நாங்கள் எத்தனை வருஷம் காத்திருந்தோம்!

பிறகு புத்தகத்துக்கு வந்தார். காய்ந்த தாள்களை வரிசைப்படுத்தி, முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து வைஸில் இறுக்கி, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை ஒட்டுகிற பசையால் முதுகை ஒட்டினார். முன்பாதி உப்பி இரண்டு மடங்கு ஆகியிருந்ததால் புத்தகம் மூடவே மறுத்தது. தோள்பையில் போகாது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அலைய வேண்டும். ஆனால் ஒட்டி முடித்தபோது ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அவர் கையில் ஒன்றுமே மிஞ்சாமல் பூட்டப்பட்ட முதல் சாமான் அதுதான்.

கூட்டத்தன்று அக்கா பெட்டி கட்டவில்லை. ஆனால் வந்து உட்காருவாளா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சபையார் வந்து நாற்காலிகள் நிறைந்தன. பாஸ்டர் வந்தார், மேஜைமேல் வாயைப் பிளந்துகொண்டிருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்தார். அத்தான் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நன்றிக் கூட்டம் என்று தான் சொன்னது அவசரத்தில் சொன்னது என்றார். இன்றைக்கு வசனம் சொல்லி யாரும் யாரையும் தேற்ற வேண்டாம் என்றார். ஜெபம் செய்ய ஆள் பார்ப்பதுபோல் சமையலறைக் கதவைப் பார்த்தார்.

அக்கா வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தம்பி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, உங்க மேல எனக்குக் கோவம்" என்றாள்.

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பின்வரிசையில் யாரோ தேவையில்லாமல் இருமினார். அக்கா நிறுத்தவில்லை.

"என் பிள்ளையை எடுத்துக்கிட்டீங்க. ஏன்னு கேட்டேன், நீங்க இன்னும் சொல்லல. நான் கேக்கறதை நிறுத்தப்போறதில்ல. ஆனா உங்ககிட்டதான் கேப்பேன், வேற யார்கிட்டயும் போக மாட்டேன். அவனைப் பத்திரமா பாத்துக்குங்க. ராத்திரில போர்வையை உதைச்சுத் தள்ளிடுவான்."

அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. இப்படி ஒரு ஜெபத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சபையார் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். அந்த மூடாத புத்தகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த அத்தான், எல்லோருக்கும் முன்னால், உரக்க, "ஆமென்" என்றார்.